உளநலத்தை வரையறுக்கும்போது நேரும் தவறுகள்

உளநலம் என்றால் என்ன என்று இலங்கை மலையகத் தேயிலைத் தோட்டத்தில் கேட்டால், “பைத்தியம் பிடிக்காமல் இருப்பது” என்று பலர் சொல்வார்கள். உளவளத்துணை படித்தவர்கள்கூட சில நேரம் இதையே வேறு சொற்களில் எழுதிவிடுகிறார்கள். 1958இல் உளவியலாளர் மேரி ஜஹோடா இந்தச் சிக்கலை எடுத்துப் பிரித்தார். நோயின்மை, எல்லோரையும் போல இருத்தல், மகிழ்ச்சி ஆகிய மூன்றையும் உளநலத்தின் அளவுகோலாகக் கொள்ள முடியாது என்றார். அவர் முன்வைத்தவை ஆறு: தன்னைப் பற்றிய மனப்பாங்கு, வளர்ச்சி, மன ஒருங்கிணைவு, தன்னாட்சி, உள்ளதை உள்ளபடி காணல், சூழலைக் கையாளும் திறன்.

மலையகத்தில் அதிகம் பார்க்கிற தவறு, பொறுமையை நலமென்று எழுதுவது. விடியமுன் எழுந்து சமைத்து, பிள்ளையைத் தோட்டத்துப் பிள்ளைக்காம்பராவில் (குழந்தைகள் காப்பகத்தில்) விட்டு, மழையில் கொழுந்தெடுத்து, நிறை குறைந்ததால் அரைப்பேரோடு (அரை நாள் சம்பளத்தோடு) திரும்பும் அம்மா ஒரு வார்த்தை முறையிடாமல் இருக்கலாம். அவர் தாங்குகிறார் என்பதுதான் அதிலிருந்து தெரிகிறது. தன்னை எப்படி மதிக்கிறார், எதைக் கற்க ஆசைப்படுகிறார், சம்பளத்தைச் செலவழிப்பதில் அவர் சொல் எடுபடுகிறதா என்று கேட்டால்தான் மற்ற அளவுகோல்கள் வெளியே வரும்.

தன்னாட்சியைத் தனித்து வாழ்வதாக எடுத்துக்கொள்வதும் பிழை. கொழும்புக் கடையில் வேலை செய்யும் இளைஞன் கல்யாணத்துக்கு முன் பெற்றோரிடம் கேட்பது தன்னாட்சிக் குறைவல்ல. யோசித்து, விரும்பிக் கேட்கிறானா, மறுத்தால் என்னாகுமோ என்ற பயத்தில் தலையாட்டுகிறானா என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

சூழலைக் கையாளும் திறனில் இன்னும் கவனம் தேவை. லயக்காம்பராவுக்கு (தோட்டத்து வரிசை வீட்டுக்கு) உறுதிப்பத்திரம் இல்லை, ஒரு சுவர் எழுப்பவும் தோட்ட நிர்வாகத்தைக் கேட்க வேண்டும். இப்படி இருப்பவரிடம் “சூழலை மாற்ற முடியவில்லை” என்ற பதில் வந்தால், அதை அவருடைய ஆளுமைக் குறைவாகப் பதிவது அநியாயம். ஜஹோடாவே 1930களின் தொடக்கத்தில், ஆலை மூடப்பட்ட மரியென்தால் என்ற ஒஸ்திரியக் கிராமத்தை ஆராய்ந்த குழுவில் இருந்தவர். வேலை போனதும் அங்குள்ளவர்கள் நடையே தளர்ந்து, கையில் நிறைய நேரமிருந்தும் நூலகத்தில் புத்தகம் எடுப்பதையும் குறைத்துவிட்டார்கள். ஆளைப் பார்ப்பதோடு, அவர் நிற்கும் இடத்தையும் எழுத வேண்டும்.

மகிழ்ச்சியை மட்டும் எண்ணுவதும் போதாது. சமூகவியலாளர் கோரி கீஸ் உளநலத்தை அளக்க உருவாக்கிய 14 கேள்விகளில் உணர்வு பற்றியவை 3தான், மீதி 11 வாழ்க்கையில் இயங்குவதைப் பற்றியவை. ஒருவர் ‘செழிப்பாக’ இருக்கிறார் என்று சொல்ல, கடந்த ஒரு மாதத்தில் அந்த 3இல் குறைந்தது ஒன்றும், 11இல் குறைந்தது ஆறும் தினமும் அல்லது ஏறக்குறைய தினமும் இருந்திருக்க வேண்டும்.

அளக்கும்போதும் பிழை நேர்கிறது. உலக சுகாதார ஸ்தாபனத்தின் ஐந்து கேள்விப் படிவம் கடந்த இரண்டு வாரங்களில் மனம் எப்படி இருந்தது என்று கேட்கிறது. ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 5 வரை புள்ளி. 3, 2, 2, 1, 3 என்றால் கூட்டுத்தொகை 11, அதை 4ஆல் பெருக்க நூற்றுக்கு 44. பெருக்காமல் 11ஐ நூற்றுக்கு 11 என்று வாசிப்பவர்கள் உண்டு. காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் பிரட்டுக்களத்தில், வேலையை மேற்பார்க்கும் கங்காணி பக்கத்தில் நிற்கக் கேட்டால் “நல்லா இருக்கேன்” என்பதைத் தவிர வேறு பதில் வராது. வீட்டில், தனியாகக் கேளுங்கள். கூட்டுத்தொகை 13க்குக் குறைந்தால் நோய் என்று எழுதிவிடாதீர்கள், மேலும் விசாரிக்க வேண்டும் என்பதே அதன் பொருள். சாக வேண்டும் போலிருக்கிறது என்று யாராவது சொன்னால் படிவத்தை ஓரமாக வைத்துவிட்டு, அவரைத் தனியே விடாமல், 1926 என்ற இலங்கையின் தேசிய உளநல உதவித் தொலைபேசி இலக்கத்துக்கு உடனே அழையுங்கள்.