எட்டு அணிகளைக் கொண்டு ஒரு மகளிர் கால்பந்து லீக் அமைப்பது எப்படி?

வியாசர்பாடியைக் 'குட்டி பிரேசில்' என்று அழைக்கும் அளவுக்கு வடசென்னையில் கால்பந்து ஊறியிருக்கிறது. இருந்தும் இங்கே நாம் பெரும்பாலும் பார்ப்பது நாக்-அவுட் போட்டிகளைத்தான். அதில் காலையில் தோற்கும் அணி மதியத்துக்குள் வீடு திரும்பிவிடும். லீக்கில், தோற்றாலும் வென்றாலும் ஒவ்வோர் அணியும் மற்ற எல்லா அணிகளுடனும் ஆடியாக வேண்டும்.

முதல் படி, சம்பளம் யார் பொறுப்பு என்று முடிவு செய்வது. அமெரிக்காவில் 2001இல் தொடங்கிய தொழில்முறை மகளிர் லீக்கும், 2009இல் தொடங்கிய அடுத்த லீக்கும் மும்மூன்று பருவங்களோடு நின்றுபோயின. 2013இல் எட்டு அணிகளுடன் தொடங்கிய மூன்றாவது லீக் இன்றும் நடக்கிறது. தொடக்கத்தில் தேசிய அணி வீராங்கனைகளின் சம்பளத்தை அமெரிக்கா, கனடா, மெக்சிகோ ஆகிய நாடுகளின் கால்பந்துக் கூட்டமைப்புகளே ஏற்றுக்கொண்டதால் கிளப்புகளின் சுமை குறைந்தது.

இரண்டாம் படி, கடைசி இடம் பிடிக்கும் அணியை என்ன செய்வது என்பது. அமெரிக்க லீக்கில் கீழிறக்கம், அதாவது கடைசியில் வரும் அணியை அடுத்த பருவத்தில் கீழ்ப் பிரிவுக்கு அனுப்புவது, இல்லை. இந்திய மகளிர் லீக்கில் அது உண்டு. புதிய லீக்குக்கு முதல் இரண்டு ஆண்டுகள் கீழிறக்கம் வேண்டாம் என்பது என் கருத்து.

மூன்றாம் படி அட்டவணை. ஒரு தாளில் மேல் வரிசையாக வியாசர்பாடி, பெரம்பூர், புளியந்தோப்பு, கொருக்குப்பேட்டை என்றும், அவற்றுக்கு நேர் கீழே காசிமேடு, ராயபுரம், தண்டையார்பேட்டை, வண்ணாரப்பேட்டை என்றும் எழுதுங்கள். மேலும் கீழுமாக இருக்கும் அணிகள் முதல் வாரம் மோதும். அடுத்த வாரத்துக்கு வியாசர்பாடியை மட்டும் அசைக்காமல், மற்ற ஏழு அணிகளையும் கடிகாரம் சுற்றும் திசையில் ஓரிடம் நகர்த்துங்கள்: இப்போது வியாசர்பாடிக்கு எதிரே ராயபுரமும், காசிமேட்டுக்கு எதிரே தண்டையார்பேட்டையும் வந்திருக்கும். இப்படி ஏழு வாரம் நகர்த்தினால் 28 ஆட்டங்கள் முடியும். இரண்டு முறை ஆடினால் 14 வாரங்களில் 56 ஆட்டங்கள். எட்டு அணிகள் ஆடி ஈஸ்ட் பெங்கால் வென்ற 2024-25 இந்திய மகளிர் லீக்கிலும் இதே கணக்குதான். அணிகள் ஏழாக இருந்தால் எட்டாவது இடத்தில் 'ஓய்வு' என்று எழுதிக்கொள்ளலாம்; அதற்கு எதிரே வரும் அணிக்கு அந்த வாரம் ஆட்டம் இல்லை.

நான்காம் படியில்தான் பலர் தடுமாறுகிறார்கள். 90 நிமிட ஆட்டம், இடைவேளை, அடுத்த அணிகள் இறங்கும் நேரம் எல்லாம் சேர்த்தால் ஓர் ஆட்டத்துக்கு இரண்டு மணி நேரம் தேவை. ஒரே மைதானத்தில் நான்கு ஆட்டங்களையும் ஒரே நாளில் வைத்தால் காலை 6 மணிக்குத் தொடங்கினாலும் மதியம் 2 மணி ஆகிவிடும். சென்னை வெயிலில் அது வீராங்கனைகளுக்குச் செய்யும் கொடுமை. சனி காலை இரண்டு, ஞாயிறு காலை இரண்டு என்று பிரிப்பதே சரி. ஜூலை தொடக்கத்தில் ஆரம்பித்தால் வடகிழக்குப் பருவமழைக்கு முன் முடித்துவிடலாம், ஆனால் ஆடி ஞாயிறுகளில் கூழ் ஊற்றும் விழாவுக்குப் பாதி அணி போய்விடும் என்பதால் ஓரிரு வாரங்களைக் காலியாக விட்டுவையுங்கள்.

வெற்றிக்கு 3 புள்ளிகள், சமனுக்கு 1. புள்ளிகள் சமமானால் கோல் வித்தியாசமா (அடித்த கோல்களில் வாங்கிய கோல்களைக் கழித்தது), அந்த இரு அணிகளும் நேருக்கு நேர் ஆடிய முடிவா, எதை முதலில் பார்ப்பது என்பதைப் பருவம் தொடங்கும் முன்பே எழுதிக் கையெழுத்து வாங்கிவிட வேண்டும்.

கடைசி வாரத்தின் நான்கு ஆட்டங்கள் மட்டும் ஒரே நேரத்தில் நடக்க வேண்டும். இல்லாவிட்டால் பின்னால் ஆடும் அணிகள் தங்களுக்கு எத்தனை கோல் போதும் என்று கணக்குப் போட்டு ஆடும். ஆகவே அந்த ஒரு நாளுக்கு நான்கு மைதானங்களை முதல் வாரத்திலேயே பேசி வைத்துவிடுங்கள்.