வயதான வீட்டு நாய்க்கு நீங்கள்தான் வக்கீல்

பத்து வயதைத் தாண்டிய நாய் ஒரு தடவை உறுமினால் போதும், "இதுக்குக் கிறுக்குப் பிடிச்சிடுச்சு" என்று சொல்ல அக்கம்பக்கத்தில் ஆளுக்குப் பஞ்சமே இல்லை. இத்தனை வருடம் யாரையும் ஒன்றும் செய்யாத நாய் இப்போது சிடுசிடுக்கிறது என்றால், எங்கே வலிக்கிறது, கண் தெரிகிறதா, காது கேட்கிறதா என்று முதலில் பாருங்கள். குணத்தைப் பற்றிய தீர்ப்பெல்லாம் அப்புறம்.

எங்கள் மணிக்கு 13 வயது, நாட்டு நாய், பின்னங்கால் மூட்டு தேய்ந்துவிட்டது. எழுந்திருக்க முன்னங்காலை ஊன்றிக் கொஞ்ச நேரம் அப்படியே இருக்கும், பிறகு பின்பக்கத்தை இழுத்துக்கொண்டு எழும், டைல்ஸில் நகம் கரகரவென்று வழுக்கும். அந்த நேரத்தில் இடுப்பில் யாராவது கை வைத்தால் உறுமும். அந்த உறுமலுக்காக ஒருபோதும் அடிக்காதீர்கள், அதட்டாதீர்கள். அது "கிட்ட வராதே, வலிக்குது" என்கிற எச்சரிக்கை. அதை அடித்து அடக்கினால் வலி போகாது, எச்சரிக்கைதான் போகும். அடுத்த முறை நேராகக் கடிதான்.

மருத்துவரிடம் போகும் முன் வீட்டில் அது நடப்பது, எழுவது, படியேறுவது எல்லாவற்றையும் போனில் வீடியோ எடுத்துக்கொள்ளுங்கள். ஆஸ்பத்திரிக்குப் போனதும் பயத்தில் விறைப்பாக நின்று, ஒன்றுமே இல்லாதது மாதிரி காட்டிவிடும். சென்னை வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியில் கூட்டம் இருக்கும், காலையிலேயே போய்விடுங்கள். சிறுநீரகம், கல்லீரல் இரண்டுக்கும் ரத்தப் பரிசோதனை கேளுங்கள், வலி மருந்து எழுதும் முன் அது அவசியம். பல்லையும் பார்க்கச் சொல்லுங்கள், பல், ஈறு வலியாலேயே தட்டைத் தொடாமல் நிற்கிற நாய்கள் நிறைய. வீட்டில் இருக்கிற பாராசிட்டமால், ஐபுப்ரோஃபென் எதையும் நீங்களாகக் கொடுத்துவிடாதீர்கள், நாய்க்கு அது விஷமாகிவிடும்.

ராத்திரி இரண்டு மணிக்குச் சுவரைப் பார்த்துக்கொண்டு நிற்கிறதா, கதவு இடுக்கில் போய் மாட்டிக்கொண்டு வெளியே வரத் தெரியாமல் குரைக்கிறதா? முதுமையில் மூளை தளர்வதால் வரும் தடுமாற்றமாக இருக்கலாம், மனிதர்களுக்கு வருகிற மறதி நோய்க்கு நெருக்கமானதுதான். சின்ன நைட் லாம்ப் போட்டு வையுங்கள், சோபா, கட்டிலை இடம் மாற்றாதீர்கள், சாப்பாடு, நடை எல்லாம் தினமும் ஒரே நேரத்தில். தூக்கத்தில் சிறுநீர் கசிந்தால் அது வேண்டுமென்றே செய்ததல்ல, திட்டாமல் துடையுங்கள். நிறையத் தண்ணீர் குடிக்கிறதே என்று கிண்ணத்தை எடுத்து வைக்கிறார்கள் சிலர், அது ரொம்பத் தப்பு. சிறுநீரகக் கோளாறோ சர்க்கரையோ இருக்கலாம், மருத்துவரிடம் சொல்லுங்கள்.

இன்னொன்று: திடீரென்று தலை ஒரு பக்கம் சாய்ந்து, கண் விழி ஆடி, நிற்க முடியாமல் சுற்றிச் சுற்றி விழுந்தால் பக்கத்து வீட்டில் "வெறிநாய்" என்று கத்துவார்கள், வீட்டில் பக்கவாதம் என்று அழுவார்கள். பல நேரம் அது உள்காதில் இருக்கிற சமநிலை உறுப்பின் கோளாறு, வயதான நாய்களுக்குச் சாதாரணமாக வருவது, நிறைய நாய்கள் சில நாட்களில் தேறத் தொடங்கிவிடும். இருந்தாலும் அன்றைக்கே மருத்துவரிடம் காட்டிவிடுங்கள்.

வீட்டைக் கொஞ்சம் மாற்றுங்கள். அது நடக்கிற வழி முழுக்க ரப்பர் மேட்டோ பழைய கோணியோ போடுங்கள், நகத்தை வெட்டிவிடுங்கள். மே மாதத்தில் விடியும் முன்பும் இருட்டிய பிறகும் மட்டும் நடை, மற்ற நேரத்தில் தார் ரோடு பாதத்தைப் பொசுக்கிவிடும். தீபாவளிக்கு ஜன்னல் மூடிய ஒரு அறை, கூடவே ஒரு ஆள்.

பிள்ளைகளுக்குச் சொல்லித்தர வேண்டியது கொஞ்சம்தான், ஆனால் விடாமல் சொல்ல வேண்டும். தூங்குகிற நாயைத் தொடாதே. பின்னால் இருந்து ஓடிப் போய்க் கட்டிப்பிடிக்காதே. காது கேட்காத நாய் என்றால் தரையில் லேசாகக் காலைத் தட்டு, அது திரும்பிப் பார்க்கட்டும், கையை முகர்ந்து பார்க்கட்டும், அப்புறம் தடவு. சொந்தக்காரர்கள் வருகிற அன்று இதையே பெரியவர்களுக்கும் வாசலிலேயே சொல்லிவிடுங்கள், கூச்சப்படாதீர்கள்.

ஃபிளாட் அசோசியேஷன் விஷயத்துக்கு வருவோம். சண்டை போடும் முன் காகிதத்தைச் சரியாக வைத்திருங்கள்: வெறிநாய்க்கடித் தடுப்பூசிச் சான்றிதழ், மாநகராட்சி உரிமம், மருத்துவர் எழுதிக் கொடுத்த குறிப்பு. சென்னையில் வளர்ப்பு நாய்க்கு மாநகராட்சி உரிமம் கட்டாயம், வருடா வருடம் புதுப்பிக்க வேண்டும். பொது இடத்தில் கயிறு இல்லாமல் கூட்டிப் போகாதீர்கள், கழிவை நீங்களே அள்ளுங்கள், இதில் தவறினால் உங்கள் பேச்சு எடுபடாது. இவ்வளவும் சரியாக இருந்தால் நிமிர்ந்து பேசலாம். பெரும்பான்மை ஓட்டுப் போட்டாலும் அசோசியேஷன் நாய் வளர்ப்பதைத் தடை செய்ய முடியாது, லிஃப்ட்டில் ஏற்றக் கூடாது என்றும் சொல்ல முடியாது என்று இந்திய விலங்குகள் நல வாரியம் 2015-லேயே வழிகாட்டுதல் கொடுத்திருக்கிறது. அதை அச்செடுத்துச் செயலாளரிடம் கொடுங்கள். அதே நேரம் லிஃப்ட்டில் யாராவது பயந்தால் அடுத்த லிஃப்ட்டுக்கு நில்லுங்கள், சட்டம் பேசி நெருக்க வேண்டாம். வாட்ச்மேனுக்கும் எதிர்வீட்டு அக்காவுக்கும் "அதுக்குக் கண் சரியா தெரியாது, பேரைச் சொல்லிக் கூப்பிட்டுட்டு வாங்க" என்று ஒரு தடவை சொல்லி வையுங்கள், பாதிப் புகார் அங்கேயே நின்றுவிடும்.

"ஈசிஆர் பக்கம் கொண்டுபோய் விட்டுடு, ஏதாவது தின்னு பொழச்சுக்கும்" என்று சொல்கிற மாமா எல்லாக் குடும்பத்திலும் உண்டு. பொழைக்காது. வீட்டுச் சாப்பாடு தவிர வேறு அறியாத, கால் இழுக்கிற நாயைத் தெரு நாய்கள் அந்த இடத்தில் இருக்கவே விடாது. பட்டினி கிடந்து வதைபடும்படி விலங்கைக் கைவிடுவது 1960-ஆம் ஆண்டு மிருகவதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம், இதையும் மாமாவிடம் சொல்லுங்கள். செலவுதான் பிரச்சினை என்றால் வீட்டில் உட்கார்ந்து பங்கு போடுங்கள், மருந்துக்கு ஒருவர், ராத்திரி எழுந்து பார்க்க ஒருவர். இனிமேல் முடியாது என்கிற நிலை வந்தால் அதை மருத்துவர் முன்னால் பேசுங்கள். காலண்டரில் தினமும் அது சாப்பிட்டதா, தானாக எழுந்ததா, வாலை ஆட்டியதா என்று குறித்து வையுங்கள், அவர் கேட்கும்போது காட்ட அது உதவும்.