கிகாபிட் நெட்வொர்க் கார்டு நூறு மெகாபிட்டிலேயே நிற்கிறதா? டிரைவரைத் திட்டும் முன்

செங்கோட்டையில் எங்கள் ஃப்ளெக்ஸ் கடையில் ஒரு பழைய கம்ப்யூட்டரில் ஃப்ரீபிஎஸ்டி என்ற இலவச ஆபரேட்டிங் சிஸ்டம் போட்டு ஃபைல் சர்வராக ஓட்டுகிறோம். புனலூர், தென்மலைப் பக்கமிருந்து வரும் டிசைன்கள் ஜிபி கணக்கில் இருக்கும், காப்பி ஆகி முடிவதற்குள் வாடிக்கையாளர் ரெண்டு தடவை "ஆயோ?" (ஆச்சா?) என்று கேட்டுவிடுவார். அந்த அவசரத்தில் நான் செய்த கூத்துகள்தான் இவை.

வேகம் வரவில்லை என்றதும் ஐஎஃப்கான்ஃபிக்கில் (நெட்வொர்க் கார்டு செட்டிங்கைப் பார்க்க, மாற்ற உதவும் கமாண்ட்) மீடியாவை, அதாவது வேகத்தையும் டூப்ளெக்ஸையும், கையால் கட்டிப்போடுவதுதான் எல்லாருக்கும் முதலில் தோன்றுவது. செய்யாதீர்கள். காப்பர் கேபிளில் ஓடும் கிகாபிட்டுக்கு (1999-இல் வந்த தரம் அது) ஆட்டோ-நெகோஷியேஷன் (இரண்டு முனைகளும் தாமே பேசி ஒத்துக்கொள்வது) கட்டாயம், ஏனென்றால் சிக்னலின் நேரத்தை ஒத்துவைக்கும் கடிகாரத்துக்கு யார் மாஸ்டர், யார் ஸ்லேவ் என்பதை இரண்டு முனைகளும் பேசித்தான் முடிவு செய்ய வேண்டும். சரி, 100 ஃபுல்-டூப்ளெக்ஸாவது (ஒரே நேரத்தில் அனுப்பவும் வாங்கவும் முடிவது) இருக்கட்டும் என்று ஒரு பக்கம் மட்டும் கட்டிவைத்தால் இன்னும் மோசம்: எதிரே ஆட்டோவில் இருக்கும் சுவிட்சுக்கு வேகம் புரியும், டூப்ளெக்ஸ் புரியாது, அது ஹாஃப் (ஒரு நேரத்தில் ஒரு பக்கம் மட்டும்) என்று எடுத்துக்கொள்ளும். அப்புறம் பிங் (சின்ன சோதனை பாக்கெட்) அழகாகப் போகும், பெரிய ஃபைல் மட்டும் மாட்டுவண்டி. நெட்ஸ்டாட் கமாண்டில் ஐ ஆப்ஷன் போட்டுப் பார்த்தால் எரர், கொலிஷன் (மோதல்) எண்கள் ஏறிக்கொண்டே இருக்கும். இரண்டு பக்கமும் ஆட்டோசெலக்ட்டில் விடுங்கள்.

ஆட்டோவில் விட்டும் 100 தானா? கேபிளைப் பாருங்கள். 100-க்கு இரண்டு ஜோடி கம்பி போதும், கிகாபிட்டுக்கு நாலு ஜோடியும் வேண்டும். எங்கள் ஊர்ச் சாரல் காலத்தில், மாடிக்கு வெளிச்சுவர் வழியாகப் போன கேபிளின் முனையில் களிம்பு ஏறி ஒரு ஜோடி போய்விட்டது. சில கார்டுகள் சத்தமில்லாமல் 100-க்கு இறங்கிக்கொள்ளும், சிலவற்றில் லிங்க்கே வராது. நான் இரண்டு நாள் புது டிரைவர் தேடினேன், இத்தனைக்கும் இன்டெல் கார்டுக்கான ஈஎம் டிரைவர் ஃப்ரீபிஎஸ்டியோடு வரும் ஜெனரிக் கெர்னலிலேயே இருக்கிறது. ஐஎஃப்கான்ஃபிக் காட்டும் மீடியா வரியில் அடைப்புக்குறிக்குள் இருப்பதுதான் நிஜத்தில் கிடைத்த வேகம், முதலில் அதைப் படித்திருக்கலாம்.

ஐப்பசி இடியில் அந்தக் கார்டும் போனது. ரியல்டெக் கார்டு மாட்டினேன், ஐபி முகவரி வரவில்லை. பிஎஸ்டியில் இன்டர்ஃபேஸ் பெயர் டிரைவரை வைத்து வருகிறது. ஈஎம்0 இப்போது ஆர்இ0, ஆனால் பூட் ஆகும்போது படிக்கப்படும் செட்டிங் ஃபைலான ஆர்சி.கான்ஃபில் பழைய பெயரே கிடந்தது. ஃபயர்வால் ஃபைலிலும் மாற்ற மறக்காதீர்கள்.

ஜம்போ ஃப்ரேம் (வழக்கத்தைவிடப் பெரிய பாக்கெட்) ஆசை வந்தால், சுவிட்ச் முதல் கடைசிக் கம்ப்யூட்டர் வரை எல்லாம் 9000 எம்டியூவை (ஒரு பாக்கெட்டின் அதிகபட்ச பைட் அளவு) தாங்க வேண்டும். டிஎஃப் பிட் (பாக்கெட்டை உடைக்காதே என்ற குறி) போட்டு 8972 பைட்டில் பிங் செய்து பாருங்கள் (மீதி 28 ஹெடருக்கு). போகாவிட்டால் 1500-லேயே இருங்கள், சின்னக் கடைக்கு அது தாராளம். அதே கம்ப்யூட்டரை ரவுட்டராகவும் வைத்திருந்தால் டிஎஸ்ஓ, எல்ஆர்ஓ (பாக்கெட்டைப் பிரிப்பதையும் சேர்ப்பதையும் கார்டிடமே விடும் வசதிகள்) இரண்டையும் அணைத்துவிடுங்கள். பாக்கெட்டுகளைப் பிடித்துக் காட்டும் டிசிபிடம்ப்பில், நாம் அனுப்பும் பாக்கெட்டுக்கு மட்டும் செக்சம் (பிழை கண்டுபிடிக்கும் எண்) தப்பு என்று வந்தால் பயம் வேண்டாம், அதைக் கார்டு பிறகுதான் போடுகிறது.

எஸ்எஸ்எச்சில் (தொலைவிலிருந்து நெட்வொர்க் வழியாக உள்ளே நுழைவது) இருந்துகொண்டு அதே கார்டை நோண்டுவது தனி ரகம். புனலூரில் உட்கார்ந்து நான் அதைச் செய்து, லைன் அறுந்து, ஆரியங்காவு வழியாக ராத்திரி பஸ் பிடித்து வந்து சேர்ந்தேன். இப்போதெல்லாம் ஆர்சி.கான்ஃபைத் தொடாமல், பத்து நிமிடத்தில் ரீபூட் ஆகும்படி ஷட்டவுன் கொடுத்துவிட்டுத்தான் மாற்றிப் பார்க்கிறேன். லைன் அறுந்தால் ரீபூட்டில் பழைய செட்டிங் திரும்பிவிடும், அறுகாமல் இருந்தால் அந்த ஷட்டவுன் புராசஸைக் கில் செய்துவிடலாம்.

கடைசியாக நெட்வொர்க் வேகத்தை மட்டும் அளக்கும் ஐபெர்ஃப்3 ஓட்டுங்கள். 940 மெகாபிட் பக்கம் வந்தும் காப்பி மெதுவென்றால் அது ஹார்ட் டிஸ்க் வேலை.