சலீர் வேறு, சலீரே வேறு

ஸ்பானிஷ் ஓரளவு கைவந்ததும் இத்தாலியன் பக்கம் தாவுகிறவர்கள் மாட்டிக்கொள்வது கஷ்டமான சொல்லில் இல்லை, ஏற்கெனவே தெரிந்த மாதிரி இருக்கிற சொல்லில்தான். லத்தீனில் சலீரே என்றால் துள்ளுவது, குதிப்பது. அதுவே ஸ்பானிஷில் சலீர் ஆகி வெளியே போவதைக் குறிக்கிறது, போர்ச்சுகீஸ் சயீரும் அப்படியே. இத்தாலியனிலோ சலீரே என்றே நின்றுவிட்டது, ஆனால் பொருள் 'ஏறு'. குதிப்பதை இன்னும் விடாமல் வைத்திருப்பது ருமேனியன்.

இத்தாலியில் டவுன் பஸ் கதவில் 'சலீத்தா' என்று எழுதியிருப்பார்கள். ஸ்பானிஷ் பழகிய கண் அதை 'சலீதா', அதாவது வெளியே போகும் வழி என்று படித்து, இறங்க அங்கே போய் நிற்கும், ஏறுகிற கூட்டம் மொத்தமும் எதிரே வந்து முட்டும். நீங்கள் தேட வேண்டியது 'உஷீத்தா'.

சரி, ஏறுவதற்கு ஸ்பானிஷில் என்ன? சுபீர். அதையும் அப்படியே இத்தாலியனுக்குத் தூக்கிக்கொண்டு போகாதீர்கள், அங்கே சுபீரே என்றால் நஷ்டம், அநியாயம் போன்ற எதையாவது தலையில் வாங்கிக்கொள்வது. பிரெஞ்சு படித்தவர்களுக்கு இன்னொரு பொறி: அங்கே சலீர் என்றால் அழுக்காக்குவது, லத்தீன் சொல்லுக்கும் அதற்கும் உறவே இல்லை, ஜெர்மானிய வேரிலிருந்து வந்தது.

இலக்கணத்தில் அதிகம் பார்க்கிற தவறு, ஸ்பானிஷில் 'தே'யை ('இருந்து' என்று பொருள்) விட்டுவிடுவது. ஆங்கிலம் வழியாக யோசிப்பதால் வருகிற கோளாறு இது. தமிழில் 'வீட்டிலிருந்து கிளம்புகிறேன்' என்று நினைத்துப் பாருங்கள், 'சல்கோ தே காசா' தானாக வரும். அந்த 'சல்கோ'வும் இரண்டு மொழிக்கும் பொது, ஸ்பானியர் சொன்னால் வெளியே போகிறார், இத்தாலியர் சொன்னால் ஏறுகிறார். எதிர்காலத்தில் ஸ்பானிஷ் நடுவே ஒரு 'த'வைச் செருகி 'சல்த்ரே' என்னும், 'சலிரே' தப்பு. இத்தாலியனில் 'ஏறினேன்' என்பதற்கு 'சோனோ சலீத்தோ', ஆனால் படிக்கட்டைச் செயப்படுபொருளாக வைத்தால் 'ஓ சலீத்தோ லே ஸ்காலே'. இதை மனப்பாடம் செய்வதைத் தவிர வழியில்லை.

அப்புறம் ஒரு வேடிக்கை. ஸ்பானிஷ் கட்டளை 'சல்' (வெளியே போ) உடன் 'லே' (அவருக்கு) சேர்த்துச் சொல்லலாம், எழுத முடியாது, இரண்டு எல் சேர்ந்தால் உச்சரிப்பே மாறிவிடும். ராயல் ஸ்பானிஷ் அகாடமியே இதற்கு எழுத்து வடிவம் இல்லை என்று கைவிரித்துவிட்டது, அதனால் எழுதும்போது வாக்கியத்தையே மாற்றிவிடுங்கள்.