பிமாய் அருங்காட்சியகம்: உத்திரக்கல்லைப் படிக்கும் முறை

தாய்லாந்தின் வடகிழக்கே, நக்கோன் ராட்சசிமா நகரிலிருந்து சுமார் 60 கி.மீ. தொலைவில் இருக்கிறது பிமாய். அந்த நகரை உள்ளூரில் கோராட் என்பார்கள். அங்கே இரண்டாவது பேருந்து நிலையத்தில் பிமாய் பஸ் ஏறினால் ஏறக்குறைய ஒன்றரை மணி நேரம்.

இங்குள்ள கெமர் (பழைய கம்போடியப் பேரரசு) கோயிலை மட்டும் பார்த்துவிட்டு, அருங்காட்சியகத்துக்குப் போகாமல் திரும்புகிறவர்கள்தான் அதிகம். அது பெரிய இழப்பு. கோயிலில் சிற்பமுள்ள உத்திரக்கற்கள் வாசல்நிலைக்கு மேலே இருப்பதால் கழுத்து வலிக்க அண்ணாந்துதான் பார்க்க வேண்டும். அருங்காட்சியகத்திலோ அவை கண்மட்டத்தில், உளியின் தடம் தெரியும் நெருக்கத்தில் இருக்கின்றன. ஆகவே முதலில் இங்கே போங்கள், கோயிலுக்குப் பிறகு போகலாம். திங்கள், செவ்வாய் வேண்டாம். தாய்லாந்தின் தேசிய அருங்காட்சியகங்கள் பலவும் அந்த நாட்களில் மூடியிருக்கும்.

காலையிலேயே போய், வெளியே வைத்திருக்கும் கற்களை முதலில் முடித்துவிடுங்கள். சாய்ந்த வெயிலில்தான் செதுக்கலின் ஆழம் தெரியும். உச்சி வெயிலில் எல்லாம் தட்டையாகிவிடும், சூடும் தாங்காது. கல்லைத் தொடக் கூடாது: மணற்கல் ஏடு ஏடாக உரியும்.

ஒவ்வொரு கல்லையும் நடுவிலிருந்து படியுங்கள். கீழே முழித்த கண்ணும் பல்வரிசையுமாக ஒரு முகம் இருக்கும். அது காலமுகம், நம் திருவாசி உச்சியில் இருக்கும் கீர்த்திமுகத்தின் உறவு. அதன் வாயிலிருந்து இருபுறமும் கொடிமாலை ஓடும். முகத்துக்கு மேலே இருப்பவர் யார் என்பதை வாகனத்தை வைத்துச் சொல்லலாம்: கருடன் என்றால் திருமால், காளை என்றால் சிவன், யானை என்றால் இந்திரன். இந்த யானைக்குப் பெரும்பாலும் மூன்று தலை. இந்திரனைக் கண்டதும் இது இந்திரன் கோயில் கல் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். கெமர் சிற்பிகள் அவனைக் கிழக்குத் திசைக் காவலனாக வைப்பது வழக்கம். எமன் இருந்தால் தெற்கு. இடம் பெயர்ந்த கல் முன்பு எந்தப் பக்கத்து வாசலில் இருந்திருக்கும் என்பதற்கு அதுவே துப்பு.

தாய் மொழியில் உத்திரக்கல் 'தப் லாங்'. 'ப்ர நாராய்' நாராயணன், 'ப்ர இசுவன்' ஈசுவரன், 'ப்ர இன்' இந்திரன். இந்த நான்கு சொல்லும் காதில் விழுந்தால் வழிகாட்டி சொல்வதில் பாதி பிடிபடும்.

உள்ளே கறுத்து மின்னும் இரும்புக்கால மட்பாண்டங்கள் உண்டு. ஆனால் நேரத்தை கெமர் மன்னன் ஏழாம் ஜெயவர்மனின் அமர்ந்த சிலைக்கு ஒதுக்குங்கள். கைகள் உடைந்துபோயின, தாழ்ந்த இமைகளும் உதட்டோரச் சிரிப்பும் அப்படியே இருக்கின்றன. நேராக நின்று பார்த்த பிறகு பக்கவாட்டில் நகர்ந்து பாருங்கள், தோளின் சிறு கூனல் அங்கிருந்துதான் தெரியும். கோயில் வளாகத்தில் இருப்பது இதன் நகல்.

பிறகு கோயிலுக்கு நடங்கள். அது மகாயான பௌத்தக் கோயில், என்றாலும் ராமாயணக் காட்சிகள் நிறைய. நாகபாசத்தில் கட்டுண்டு கிடக்கும் ராம லட்சுமணரையும் சுற்றிலும் அழும் வானரங்களையும் தேடிக் கண்டுபிடியுங்கள்.