ஒரு குழந்தைக்கு ஒரே கோப்பு: இல்லங்களும் தத்துவள மையங்களும் வளர்ப்புப் பராமரிப்பு அமைப்புகளும் சேர்ந்து பணியாற்றும் முறை

சில ஆண்டுகளுக்கு முன் 6 வயதுச் சிறுமி ஒருத்தி ஒரு குழந்தைகள் இல்லத்தில் இருந்தாள். அதே ஊரில், பேருந்தில் இரண்டு நிறுத்தம் தள்ளி இருந்த தத்துவள மையத்தில் (குழந்தைகளைப் பராமரித்துத் தத்துக் கொடுக்க அங்கீகாரம் பெற்ற நிறுவனத்தில்) அவளுடைய தம்பி கைக்குழந்தையாக இருந்தான். இரண்டும் பதிவு பெற்ற நிறுவனங்கள்; இரண்டிலும் பிள்ளைகளை நன்றாகவே பார்த்துக்கொண்டார்கள். ஆனால் அக்காளின் கோப்பில் தம்பியைப் பற்றி ஒரு வரி இல்லை, தம்பியின் கோப்பில் அக்காள் என்ற சொல்லே இல்லை. "பாப்பா எங்கே?" என்று அவள் சமையல் அம்மாவிடம் தினமும் கேட்டிருக்கிறாள், ஊரில் பக்கத்து வீட்டுக் குழந்தையைத் தேடுகிறாள் என்றே எல்லோரும் எண்ணினோம். தம்பியைத் தத்துக் கொடுப்பதற்கான வேலை பாதி முடிந்திருந்த நிலையில், அரசு மருத்துவமனையில் ஒரு தடுப்பூசி நாளன்று இரு நிறுவனங்களின் ஊழியர்களும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து பேசியபோதுதான் உண்மை தெரிந்தது. அந்தச் சிறுமியின் கோப்பைத் தயாரித்தவர்களில் நானும் ஒருவன். கீழே எழுதியிருப்பவை யாவும் அந்த நாளிலிருந்து நான் கற்றுக்கொண்டவை.

தனியார் நிறுவனங்கள் இத்துறையில் சேர்ந்து இயங்குவது புதிய யோசனை அன்று. இந்தியக் குழந்தைகளை வெளிநாட்டுக்குத் தத்துக் கொடுப்பதில் நடந்த முறைகேடுகளைக் குறித்து வழக்கறிஞர் லட்சுமிகாந்த் பாண்டே எழுதிய கடிதத்தையே மனுவாக ஏற்று, 1984-ல் உச்ச நீதிமன்றம் வழங்கிய தீர்ப்பு இதற்கு வழி வகுத்தது. உள்நாட்டுக் குடும்பங்களுக்கே முதல் வாய்ப்பு என்பதை நிலைநாட்டுவதற்காகத் தன்னார்வ ஒருங்கிணைப்பு முகமைகள் உருவாயின. ஒரு மையத்தில் குழந்தையும் இன்னொரு மையத்தில் பெற்றோரும் காத்திருந்தால் இருவரையும் இணைப்பது அவற்றின் பணியாக இருந்தது. 1990-ல் மத்திய தத்தெடுப்பு வள ஆணையமான 'காரா' அமைந்தது. 2015 ஆகஸ்டு முதல் நாடு முழுவதற்கும் ஒரே இணையவழி வரிசை வந்தபின், எந்தக் குழந்தை எந்தக் குடும்பத்துக்கு என்று தேர்ந்தெடுக்கும் வேலை நிறுவனங்களின் கையை விட்டுப் போனது. இது நல்ல மாற்றம் என்பதே என் கருத்து. ஆனால் அந்த வரிசைக்குக் குழந்தை போய்ச் சேர்வதற்கு முன்பும், குடும்பத்துக்குப் போன பிறகும் நடக்க வேண்டியவை இன்றும் நம் கையில்தான் இருக்கின்றன. குழந்தைகள் தேங்கி நிற்பதும் பெரும்பாலும் அந்த இரண்டு இடங்களில்தான்.

முதலில் சொற்களைத் தெளிவாக்குங்கள்

நம் ஊரில் "எடுத்து வளர்க்கிறோம்" என்ற ஒரே சொல்லைத் தத்தெடுப்புக்கும் சொல்கிறோம், வளர்ப்புப் பராமரிப்புக்கும் சொல்கிறோம். தத்தெடுத்த குழந்தை சட்டப்படி அக்குடும்பத்தின் பிள்ளையாகி, வாரிசுரிமை உட்பட எல்லா உரிமைகளையும் பெறுகிறது. வளர்ப்புப் பராமரிப்பில், அதாவது தத்தெடுக்காமலே ஒரு குடும்பம் வளர்க்கும் ஏற்பாட்டில், இருக்கும் குழந்தைக்கோ சொந்தப் பெற்றோர் இருக்கலாம், அவர்கள் வந்து பார்க்கலாம், நிலைமை சரியானதும் குழந்தை அவர்களிடமே திரும்பலாம். உங்கள் நிறுவனம் ஒன்றைச் சொல்லி, பக்கத்து நிறுவனம் இன்னொன்றைச் சொன்னால், விண்ணப்பிக்க வந்த குடும்பம் குழம்பும். பிறகு குழந்தையைத் திருப்பி அனுப்பும் நாளில் அந்தக் குழப்பம் கண்ணீராக மாறும். ஆகவே இரண்டுக்குமான விளக்கத்தை ஒரே தாளில் எழுதி, எல்லா நிறுவனங்களும் அதையே கொடுக்க வேண்டும். தத்துக்கு உரிய குழந்தை என்று குழந்தைகள் நலக் குழு (பராமரிப்பு தேவைப்படும் குழந்தைகளைப் பற்றி முடிவெடுக்கும் சட்டபூர்வக் குழு) கருதும் குழந்தையை நீண்டகால வளர்ப்புப் பராமரிப்புக்குக் கொடுக்கக் கூடாது என்று இளைஞர் நீதிச் சட்டத்தின் 44-ஆம் பிரிவு சொல்வதையும் அதே தாளில் சேருங்கள்.

முதல் கூட்டம்

அரசின் மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகிடம் கேட்டு, மாவட்டத்தில் எந்தெந்த இல்லங்கள் அதே சட்டத்தின் 41-ஆம் பிரிவின்படி பதிவு பெற்றுள்ளன, எவை 65-ஆம் பிரிவின்படி தத்துவள மையங்களாக அங்கீகாரம் பெற்றுள்ளன என்ற பட்டியலை வாங்குங்கள். பதிவில்லாத இல்லம் ஒன்று தெரிய வந்தால் அதை மறைக்கவும் வேண்டாம், கூட்டத்தில் சேர்த்துக்கொள்ளவும் வேண்டாம். பதிவு செய்யாமல் இல்லம் நடத்துவது 42-ஆம் பிரிவின்படி குற்றம் என்பதை அவர்களிடம் நேரில் சொல்லி, அலகுக்கும் தெரிவியுங்கள்.

கூட்டத்துக்கு வருகிறவர்கள் தம்மிடம் உள்ள ஒவ்வொரு குழந்தைக்கும் ஒரு தாள் கொண்டுவர வேண்டும். பெயர் வேண்டாம், கோப்பு எண் போதும். அதில் மூன்று கேள்விகளுக்கு விடை இருக்க வேண்டும்: குழந்தைக்கு யார் இருக்கிறார்கள், கடைசியாக யார் எந்தத் தேதியில் வந்து பார்த்தார்கள், உடன்பிறந்தவர்கள் எங்கே இருக்கிறார்கள். மூன்றாவது கேள்விக்கு "தெரியாது" என்று எழுதக் கூடாது. "விசாரித்தோம், இல்லை" அல்லது "விசாரிக்கவில்லை" என்றே எழுத வேண்டும். இந்த வேறுபாடு சிறியதாகத் தோன்றலாம். நான் மேலே சொன்ன அக்காளும் தம்பியும் பிரிந்து கிடந்தது "தெரியாது" என்ற அந்த ஒரு சொல்லால்தான்.

தாள்களை வரிசையாக வைத்துப் பார்த்தால் பெற்றோர் மாதம் தவறாமல் வந்துபோகும் குழந்தைகள் ஒரு பக்கம் சேர்வார்கள். வறுமை ஒன்றே காரணமாக இல்லத்துக்கு வந்தவர்கள் இவர்களில் பலர். இவர்களுக்குத் தத்தும் வேண்டாம், வளர்ப்புக் குடும்பமும் வேண்டாம். மிஷன் வாத்சல்யா என்ற அரசுக் குழந்தைகள் பாதுகாப்புத் திட்டத்தில் மாதம் ரூ.4,000 நிதி ஆதரவு பெற்றுத் தந்தால் வீட்டுக்கே போகலாம். நிறுவனப் பராமரிப்பு கடைசி வழியாகவே இருக்க வேண்டும் என்று சட்டத்தின் 3-ஆம் பிரிவே கூறுகிறது. இல்லத்தில் இடம் காலியாகிவிடுமே என்ற கவலை நிர்வாகிகளுக்கு வருவது எனக்குத் தெரியும். அந்தக் கவலைக்காக ஒரு குழந்தையை அதன் தாயிடமிருந்து ஒரு நாள்கூட அதிகம் பிரித்து வைக்க நமக்கு உரிமை இல்லை.

எழுத்து வடிவில் உடன்படிக்கை

தத்துவள மையமாக அங்கீகாரம் பெறாத இல்லங்கள் பலவும் "தத்து எங்கள் வேலை இல்லை" என்று சொல்வதுண்டு. அது தவறு. 66-ஆம் பிரிவின்படி, தம்மிடம் உள்ள ஆதரவற்ற, கைவிடப்பட்ட, ஒப்படைக்கப்பட்ட குழந்தைகளைக் குழந்தைகள் நலக் குழுவிடம் அறிவித்து முன்னிறுத்த வேண்டிய கடமை ஒவ்வொரு இல்லத்துக்கும் உண்டு. அருகிலுள்ள தத்துவள மையத்துடன் முறையான தொடர்பை ஏற்படுத்திக்கொண்டு, சட்டப்படி தத்துக்கு உரியவர் என அறிவிக்கப்பட்ட குழந்தையின் விவரங்களையும் ஆவணங்களையும் அந்த மையத்திடம் கொடுக்க வேண்டும். மீறினால் ஒவ்வொரு நிகழ்வுக்கும் ரூ.50,000 தண்டம்; தொடர்ந்து மீறினால் பதிவே போகலாம்.

இந்தத் தொடர்பை வாய்மொழியாக விட்டுவிடாதீர்கள். குழந்தையைக் குழுவின் முன் அழைத்துச் செல்வது யார், மருத்துவப் பரிசோதனைச் செலவை ஏற்பது யார், மூல ஆவணங்கள் எங்கே இருக்கும், குழந்தை மையத்துக்கு மாறுமா அல்லது இல்லத்திலேயே இருந்தபடி தத்துப் பணிகள் நடக்குமா என்பதையெல்லாம் எழுதிக் கையொப்பமிடுங்கள். ஒரு பத்தி கட்டாயம் இருக்க வேண்டும்: குழந்தையை முன்னிட்டு எந்த நிறுவனமும் இன்னொரு நிறுவனத்துக்குப் பணமோ நன்கொடையோ கொடுக்காது. விதிகள் நிர்ணயித்த கட்டணத்தைத் தவிர வேறு எதையும் எந்தக் குடும்பத்திடமும் யாரும் கேட்கக் கூடாது. குழந்தையை விற்பதும் வாங்குவதும் 81-ஆம் பிரிவின்படி 5 ஆண்டு வரை கடுங்காவல் தண்டனைக்குரிய குற்றம். கூட்டாளி நிறுவனம் ஒன்று இதில் தவறுவதாக உறுதியாகத் தெரிந்தால், உறவு கெட்டுவிடும் என்று தயங்காமல் அன்றே நலக் குழுவுக்கும் மாவட்ட ஆட்சியருக்கும் எழுதிக் கொடுங்கள்.

நாட்களை எண்ணுவதற்கு ஓர் ஆள்

கண்டெடுக்கப்பட்ட குழந்தையை 24 மணி நேரத்துக்குள் நலக் குழுவின் முன் நிறுத்த வேண்டும். பெற்றோரே ஒப்படைத்த குழந்தை என்றால், அவர்கள் மனம் மாறித் திரும்ப வருவதற்கு 2 மாத அவகாசம் உண்டு. அந்த இரண்டு மாதமும் கதவு உண்மையாகவே திறந்திருக்க வேண்டும். கைவிடப்பட்ட குழந்தை 2 வயதுக்கு உட்பட்டதானால் 2 மாதத்துக்குள்ளும், அதற்கு மேற்பட்டதானால் 4 மாதத்துக்குள்ளும் விசாரணை முடிந்து, சட்டப்படி தத்துக்கு உரியவர் என்ற அறிவிப்பு வர வேண்டும்; அந்த முடிவில் குழுவின் குறைந்தது மூன்று உறுப்பினர்கள் சேர்ந்திருக்க வேண்டும். நடைமுறையில் எது தாமதமாகிறது? பெற்றோரைக் கண்டறிய இயலவில்லை என்ற காவல் நிலைய அறிக்கையும், யாரோ ஒருவரின் மேசையில் கையொப்பத்துக்காகக் காத்திருக்கும் சமூக விசாரணை அறிக்கையும்தான். எல்லா நிறுவனங்களுக்கும் பொதுவாக ஒருவரை நியமித்து, வாரம் ஒரு முறை தேதிகளைப் பார்த்து, எந்தத் தாள் எங்கே நிற்கிறது என்று தொலைபேசியில் கேட்க வையுங்கள். சின்ன மையங்களில் இருக்கும் ஒரே சமூகப் பணியாளர் இதைத் தனியாகச் சுமக்க முடியாது.

கோப்பில் இருக்க வேண்டியது

படிவம் 7-ன்படியான தனிநபர் பராமரிப்புத் திட்டம், குழந்தை ஆய்வறிக்கை, மருத்துவ அறிக்கை ஆகியவை சட்டத்துக்குத் தேவை. குழந்தைக்குத் தேவையானது இன்னொரு தாள். அதை எழுத வேண்டியவர் அலுவலகத்தில் இருப்பவர் அல்லர், இரவில் குழந்தையோடு படுத்திருக்கும் பராமரிப்பாளர் அம்மா. எந்தப் பக்கம் திரும்பிப் படுத்தால் தூக்கம் வரும், சோற்றில் ரசம் ஊற்றினால் சாப்பிடுமா தயிர் வேண்டுமா, விளக்கை அணைத்தால் அழுமா, எந்தத் தாலாட்டு, யாரை 'அத்தை' என்று கூப்பிடுகிறது: இவற்றை அவர் சொல்லச் சொல்ல அவருடைய வார்த்தையிலேயே எழுதிக்கொள்ளுங்கள். குழந்தை ஓரிடத்திலிருந்து இன்னோர் இடத்துக்குப் போகும்போது இந்தத் தாளும், அது போர்த்திப் படுத்த பழைய போர்வையும் கூடவே போக வேண்டும். போர்வையைத் துவைத்துக் கொடுக்காதீர்கள். அந்த மணம்தான் முதல் நாள் இரவில் குழந்தைக்குத் தெரிந்த ஒரே பொருள்.

குடும்பங்களைப் பகிர்ந்துகொள்ளுதல்

வளர்ப்புக் குடும்பங்களுக்காக நிறுவனங்கள் தங்களுக்குள் போட்டியிடுவதால் யாருக்கும் பயனில்லை. பயிற்சி வகுப்பைச் சேர்ந்து நடத்துங்கள். ஏற்கெனவே வளர்த்த அனுபவமுள்ள ஒரு குடும்பத்தை அதில் பேச வையுங்கள். வீட்டு ஆய்வை ஒரு நிறுவனம் செய்தால், இன்னொரு நிறுவனத்தின் பணியாளர் முன்னறிவிப்பின்றி இரண்டாம் முறை போய்வருவது நல்லது. முடிவெடுப்பது நலக் குழு. வளர்ப்புக் குடும்பத்தை மாதந்தோறும் பார்வையிட வேண்டியதும் அந்தக் குழுவே. நம் அறிக்கை அதற்கு உதவியே தவிர மாற்று ஆகாது. உடன்பிறந்தவர்களை இயன்றவரை ஒரே குடும்பத்தில் வைக்க வேண்டும் என்பது சட்டம்; ஆகவே இரண்டு, மூன்று பிள்ளைகளை ஏற்கத் தயாராக உள்ள குடும்பங்களைத் தனியாகக் குறித்து வையுங்கள்.

6 வயதுக்கு மேற்பட்ட குழந்தைகளுக்கே வளர்ப்புக் குடும்பம் அதிகம் தேவைப்படுகிறது. 2024-ல் வந்த மாதிரி வழிகாட்டுதல்களின்படி தனியாக வாழ்பவர்களும் வளர்க்க விண்ணப்பிக்கலாம் (ஆண் என்றால் ஆண் குழந்தையை மட்டும்), 2 ஆண்டு வளர்த்த பின் தத்தெடுக்கவும் வழி உண்டு. ஆனால் தத்து வரிசையில் காத்திருக்க மனமில்லாமல் இதைக் குறுக்கு வழியாக நினைத்து வரும் குடும்பங்களும் இருக்கின்றன. அவர்களிடம் முதல் சந்திப்பிலேயே பணிவாகவும் தெளிவாகவும் மறுத்துவிடுங்கள்.

ரகசியம் காத்தல்

கூட்டு வேலையில் நான் மிகவும் அஞ்சுவது வாட்ஸ்அப் குழுவைத்தான். "இந்தப் பாப்பாவுக்கு நல்ல வீடு வேண்டும்" என்று அன்போடு அனுப்பப்பட்ட ஒரு புகைப்படம் மாலைக்குள் ஊர் முழுக்கப் பரவிவிடும். குழந்தையின் அடையாளத்தை வெளியிடுவது 74-ஆம் பிரிவின்படி 6 மாதம் வரை சிறையும் ரூ.2 லட்சம் வரை அபராதமும் பெறக்கூடிய குற்றம். குழுவில் கூட்ட நேரமும் கோப்பு எண்ணும் மட்டும் வரட்டும்.

குடும்பத்துக்குப் போன பிறகு

2022 செப்டம்பர் முதல் தத்து ஆணையை நீதிமன்றத்துக்குப் பதிலாக மாவட்ட ஆட்சியர் வழங்குகிறார். குழந்தை அந்தக் குடும்பத்துக்குப் போன நாளிலிருந்து 2 ஆண்டுகளுக்கு 6 மாதத்துக்கு ஒரு முறை குழந்தையின் நலனைப் பார்த்து அறிக்கை தர வேண்டும். குடும்பம் வேறு மாவட்டத்தில் இருந்தால் அங்குள்ள நிறுவனத்தின் உதவியில்லாமல் இது வெறும் தொலைபேசி விசாரிப்பாகக் குறுகிவிடும். பெரிய பிள்ளைகளைத் தத்தெடுத்த வீடுகளில் முதல் சில மாதங்கள் கடினமானவை. சாப்பாட்டை ஒளித்து வைப்பது, பொய் சொல்வது, "என்னை இல்லத்துக்கே அனுப்பிவிடுங்கள்" என்று கத்துவது எல்லாம் நடக்கும். அப்போது அந்தப் பிள்ளையை முன்பு வளர்த்த பராமரிப்பாளர் அம்மா ஒரு ஞாயிற்றுக்கிழமை போய் அரை மணி நேரம் உட்கார்ந்துவிட்டு வந்தால், பத்து ஆலோசனை அமர்வுகளில் ஆகாதது ஆகிவிடுவதைப் பார்த்திருக்கிறேன். அவருடைய போக்குவரத்துச் செலவை யார் கொடுப்பது என்பதையும் உடன்படிக்கையிலேயே எழுதுங்கள். அப்படியும் குழந்தை திரும்பி வர நேர்ந்தால், எந்த நிறுவனத்தின் தவறு என்ற பேச்சைக் குழந்தை இருக்கும் அறையில் எடுக்காதீர்கள்.

இறுதியாக, கோப்பைப் பாதுகாக்கும் பொறுப்பு. தத்துப் போன பிள்ளை 18 வயது நிரம்பிய பின் தன் வேரைத் தேடி வரலாம். சில நிறுவனங்கள் அதற்குள் மூடப்பட்டிருக்கும், கட்டடம் கைமாறியிருக்கும். ஒரு நிறுவனம் மூடினால் அதன் கோப்புகள் யாரிடம் போகும், எந்த அறையில் எந்த எண்ணில் இருக்கும் என்பதை உடன்படிக்கையின் கடைசிப் பக்கத்தில் எழுதி, நகலை மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் கொடுத்து ரசீது வாங்கிக்கொள்ளுங்கள்.