வசனத்துக்கு முன் நெருப்பைப் பாருங்கள்

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் என்னிடம் ஆங்கில இலக்கிய டியூஷனுக்கு வரும் பிள்ளைகளில் பலர் தோட்டத் தொழிலாளர்களின் பேரப்பிள்ளைகள். ஆங்கில நாடகாசிரியர் ஜான் கால்ஸ்வொர்தி ஒரு வேலைநிறுத்தத்தைப் பற்றி எழுதிய 'ஸ்ட்ரைஃப்' நாடகத்தை எடுத்தாலே, "டீச்சர், இதுல யார் கெட்டவன்?" என்பார்கள். அது அப்புறம். முதலில் வசனத்தை விட்டுவிட்டு, மேடைக் குறிப்பில் வரும் பொருள்களைப் பென்சிலால் கோடிடுங்கள்.

முதல் அங்கம் தகரத் தகட்டு ஆலை மேலாளர் வீட்டுச் சாப்பாட்டு அறை. குளிர்காலம் முழுக்க வேலைநிறுத்தம் நடக்கிறது. இங்கே கம்பெனி இயக்குநர் ஒருவர் கணப்புச் சூடு தாங்காமல் மறைப்புத் தட்டி கேட்கிறார். இரண்டாம் அங்கத்தில் தொழிலாளர் தலைவன் ராபர்ட்ஸின் வீடு. அவன் மனைவி ஆனி, இதய நோயாளி, துளி நெருப்பின் முன்னால் உட்கார்ந்திருக்கிறாள். அதே ஊர், அதே நாள்.

நம் பிள்ளைகளுக்கு அந்தக் குளிர் தெரியாது, கணப்பைத் தாண்டிப் போய்விடுவார்கள். அதனால் நான் தண்ணீரைச் சொல்வேன். நான் பிறந்த தோட்டத்தில் துரை பங்களாவுக்குள்ளேயே குழாய் உண்டு. எங்கள் லயத்துக்கு, அதாவது தொழிலாளர் வரிசை வீடுகளுக்கு, கோடியில் ஒரே பொதுக்குழாய். பெரட்டுக்கு, அதாவது காலை ஆள்கணக்குக்கு, போகுமுன் நாலு மணி இருட்டிலேயே அம்மா வாளியை வரிசையில் வைத்துவிடுவார், காது உடைந்து கயிறு கட்டிய வாளி. இதைச் சொன்ன பிறகு ஆனி வீட்டு நெருப்பு ஏன் சின்னது என்று யாரும் கேட்டதில்லை.

அடுத்து உறவைக் குறியுங்கள். மேலாளர் மனைவி ஈனிட், கம்பெனித் தலைவர் ஆந்தனியின் மகள். ஆனி முன்பு அவளிடம் பணிப்பெண். ஈனிட் மனதாரத்தான் பார்க்க வருகிறாள். ராபர்ட்ஸ் உள்ளே வந்ததும் பேச்சு கடுமையாகிவிடும். அந்தக் காட்சியை இரண்டு முறை படியுங்கள்.

சரி, வரலாறு. புத்தக ஓரத்தில் மூன்று வருடங்கள் குறித்தால் போதும். 1901, பிரிட்டனில் டாஃப் வேல் ரயில் கம்பெனி வழக்கின் தீர்ப்பு: வேலைநிறுத்த நட்டத்துக்குத் தொழிற்சங்கத்திடமே ஈடு கேட்கலாம் என்றது. 1906, புதுச் சட்டம் அதை மாற்றியது. 1909, நாடகம் மேடையேறியது. சங்கத்துக்கு அப்போதுதான் மூச்சு வந்திருந்தது. ஆனாலும் நாடகத்தில் சங்கம், கோரிக்கை அதிகம் என்று தொழிலாளர்களைக் கைவிட்டு நிற்கிறது. முதலாளி, தொழிலாளி என்று இரண்டே கட்சியாக எழுதினால் இது விட்டுப்போகும்.

சின்னப் பொருளில் வர்க்கம் தெரியுமா என்று சந்தேகப்படும் பிள்ளைக்கு மலாயாவில் 1941-இல் நடந்த கிள்ளான் தோட்டத் தொழிலாளர் வேலைநிறுத்தத்தைச் சொல்வேன். துரை எதிரே வந்தால் சைக்கிளை விட்டு இறங்கும் வழக்கம் ஒழிய வேண்டும் என்பதும் அவர்கள் கோரிக்கைகளில் ஒன்று.

கடைசிப் பக்கத்தில், சண்டைக்கு முன்பு எழுதி வைத்த அதே நிபந்தனைகளில்தான் சமரசம் முடிகிறது. அந்த வரிக்குப் பக்கத்தில் ஆனியின் பெயரை எழுதுங்கள். அவள் அன்று பிற்பகலே இறந்துவிட்டாள்.